மலைப்பாதை இன்று

கொண்டப்பநாயக்கன்பட்டி
பிப்ரவரி 18

பிரின்சிக்கு மாமா எழுதுவது.

நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவர்களால் இவ்வளவு நாசம் செய்ய முடியாது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதில் பாதி மிச்சம். அதனால் போனில் கூப்பிடாதே. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலும் சிரிக்கிற மூஞ்சியும் அனுப்பாதே. மின்னஞ்சலில், முழு வாக்கியத்தில், கேட்டதற்குப் பதில் எழுது.

கிறிஸ்துமஸுக்கு பெங்களூரிலிருந்து வந்தபோது என்ன சொன்னாய்? "மாமா, உங்க வலைப்பூவைப் போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது, சரி பண்ணித் தரேன்" என்றாய். ஊருக்கெல்லாம் இணையதளம் நடத்திக் கொடுப்பவள்தானே என்று நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னவனின் வீட்டையே இடித்துவிட்டாய்.

"மலைப்பாதை இன்று" என்று நான் வைத்த பெயர் எங்கே? "வாவ் ஏற்காடு" என்று இருக்கிறது. வாவ் என்றால் என்ன? நாய் குரைக்கிறதா? உச்சியில் ஒரு பெண் பாறை மேல் கையை விரித்து நிற்கிறாள். அந்தப் பாறையில் போன வருஷம்தான் ஒருவன் வழுக்கி விழுந்தான். கீழே ஒரு பத்தி. அதில் 'ஏற்காடு' என்ற சொல் பதினோரு தடவை வருகிறது. செபமாலை உருட்டுகிறாயா? பனிமூட்டம் பற்றி நான் எழுதினால் அதன் நடுவே 'உடனடிக் கடன்' என்று ஒரு பெட்டி குதிக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் கணினி படித்தவன் இல்லை. அறுபத்திரண்டு வயதில், மலையடிவாரத்தில் பிரேக் வேலை செய்கிற இதே பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷமாக, பால்வண்டி ஓட்டும் சென்றாயன் மலையிலிருந்து இறங்கியதும் பாதை எப்படி என்று எழுதிக் காட்டுவான். எந்த வளைவில் பனி, எங்கே கல் விழுந்திருக்கிறது என்று அதைப் போடுவேன். மேலே போகிறவன் அதைப் பார்த்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் இந்த வலைப்பூ.

இதையெல்லாம் விடு. நான் எழுதுவது இப்போது உன் பார்வைக்கு வந்த பிறகுதான் வெளியே போகிறது. தினமும் கடைசியில் ஒரு வரி எழுதுவேன்: "இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் போடாதீர்கள்." அந்த வரி பத்து நாளாக வரவில்லை. எங்கே அது?

மாமா,
தோமினிக்


பெங்களூரு
பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தவக்காலம் என்று மீன்கூடச் சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

திட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் ஒன்று பாருங்கள். முன்பு உங்கள் பக்கத்துக்கு ஒரு நாளில் இருநூறு பேர் வந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாயிரம் பேர். ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால்தான் தேடுபவர்களுக்கு முதலில் நம் பக்கத்தைக் காட்டும். படம் இல்லாத பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. 'வாவ்' வேண்டாம் என்றால் வேறு பெயர் யோசிக்கலாம். கடன் விளம்பரத்தை எடுத்துவிடுகிறேன். அது தானாக வந்தது. மேலே இருக்கும் மூன்று தங்கும் விடுதிகள் விளம்பரம் தரக் கேட்கிறார்கள். எனக்கும் இது நல்ல தொடக்கம் மாமா. இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அடுத்த வேலைகளைப் பிடிக்க வேண்டும்.

காதுக்கு மருத்துவரைப் பாருங்கள். இப்போது சின்னக் கருவியெல்லாம் வந்துவிட்டது.

அன்புடன்,
பிரின்சி


கொண்டப்பநாயக்கன்பட்டி
பிப்ரவரி 22

பிரின்சிக்கு,

நான் நலம். உன் அம்மாவின் முழங்காலைக் கேட்டேன், பதில் இல்லை. கேட்காத மீனுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய்.

பெயருக்குப் பதில் வந்தது. படத்துக்கு வந்தது. கடனுக்கு வந்தது. கடைசி வரிக்கு வரவில்லை. இன்று காலையும் எழுதினேன், இன்று காலையும் இல்லை. ஒன்பதாயிரம் பேரை வைத்து நான் என்ன செய்வது? ஒன்பதாயிரம் பேரும் இறங்க வேண்டுமே, மேலேயே குடியிருக்கப் போகிறார்களா?

வரியை ஏன் எடுத்தாய்? இதற்கு மட்டும் எழுது.

தோமினிக்


பெங்களூரு
மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அந்த வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுற்றுலாப் பக்கத்தில் 'போடாதீர்கள்', 'செய்யாதீர்கள்' என்று எதிர்மறையாக முடித்தால் படிப்பவர் மனம் சோர்ந்துவிடும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். சந்தோஷமாகக் கிளம்புகிறவரை வாசலிலேயே பயமுறுத்துவது போல. அதனால்தான் எடுத்தேன், வேறொன்றுமில்லை.

இப்போது நீங்கள் செய்த காரியத்துக்கு வருகிறேன். விளம்பரம் தருவதாக இருந்த விடுதிக்காரர், திரு. சுவாமிநாதன், நம் பக்கத்தில் மரியாதையாக ஒரு வாழ்த்து எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் "முதலில் உன் லாட்ஜில் தண்ணி வருகிறதா என்று பார்த்துவிட்டு வா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போனில் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மன்னிக்க வேண்டும் மாமா, கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கொஞ்ச நாள் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஓய்வெடுங்கள்.

பிரின்சி


கொண்டப்பநாயக்கன்பட்டி
ஏப்ரல் 3

பிரின்சிக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். என் மின்னஞ்சலை அமைத்துக் கொடுத்ததும் நீதான். அதன் சாவியும் உன்னிடம் இருக்கும். காகிதத்துக்குச் சாவி கிடையாது.

நான் நலம். ஜெனிட்டாவின் முழங்கால் எப்படி? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

ஓய்வெடுக்கச் சொல்கிறாய். என் வீட்டுக்குள் வந்து, என் பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்து, போய்ப் படுங்கள் என்கிறாய். உன் வாவ் பக்கத்தை இன்று பட்டறைப் பையன்கள் போனில் பார்த்தேன். "இன்று ஏற்காட்டில் வானிலை அருமை, உற்சாகமாகக் கிளம்புங்கள்!" என்று இருக்கிறது. இன்று பாதையில் மரம் விழுந்து காலை முழுக்க வண்டிகள் நின்றன. பெங்களூரில் உட்கார்ந்து எந்த ஜன்னல் வழியாக வானிலையைப் பார்த்தாய்?

சுவாமிநாதன் விஷயத்தில் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவன் லாட்ஜில் தண்ணி வருவதில்லை.

எனக்கு உன் இணையம் தேவையில்லை. பட்டறைச் சுவரில், மேலே ஏறுகிற வண்டிக்குத் தெரிகிற பக்கமாகக் கரும்பலகை அடித்துவிட்டேன். சென்றாயன் சொல்வதைத் தினமும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுகிறேன். கடைசி வரி மட்டும் தினமும் எழுத வேண்டியதில்லை. அதை மஞ்சள் பெயிண்டில் அடித்தாயிற்று. முடிந்தால் வந்து அழி.

'எதிர்மறை' என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறாய். பொய். நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் 'வேறொன்றுமில்லை' என்று முடிப்பாய்.

தோமினிக்


பெங்களூரு
ஏப்ரல் 30

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதமான உயிர்ப்புத் திருவிழா வாழ்த்துகள். எல்லோரும் நலம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார், பரவாயில்லை.

உங்கள் கரும்பலகையை யாரோ படம் எடுத்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றுகிறது. 'கோபக்காரத் தாத்தாவின் பலகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த கூட்டத்தை நீங்கள் ஒரு சுண்ணாம்புக்கட்டியால் சேர்த்துவிட்டீர்கள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சமாதானமாக ஒன்று சொல்கிறேன். கோடை விழாக் கூட்டம் தொடங்கப் போகிறது. பக்கத்தின் கடைசியில் 'பாதுகாப்பாகப் பயணியுங்கள்' என்று ஒரு பூப்படத்தோடு போட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது அதிலேயே அடங்கிவிட்டது அல்லவா? இதோடு விட்டுவிடுங்கள் மாமா. தயவுசெய்து.

பிரின்சி


கொண்டப்பநாயக்கன்பட்டி
மே 20

பிரின்சி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஜெனிட்டாவை மட்டும் விசாரித்ததாகச் சொல்.

நேற்று மத்தியானம் ஒரு ஆள் பட்டறை வாசலில் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி, கையில் மாவுக்கட்டு. அவன் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. கிட்டே வந்து கத்தச் சொன்னேன். கத்தினான்.

"ஏனுங்க, அந்த ஏற்காட்டு வெப்சைட்டுக்காரரு நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா இருப்பீங்களா நீங்க? உங்க பக்கத்தப் பாத்துட்டுத்தானுங்க கெளம்புனோம். பாற மேல பொம்பள நிக்கற போட்டோ போட்டிருக்கீங்க. பூவு போட்டிருக்கீங்க. எறக்கத்துல நியூட்ரல்ல வரக் கூடாதுன்னு ஒரு வார்த்த போட்டா உங்க சொத்தா போயிரும்?"

பெயர் கோகுல்ராஜ். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கிறான். புதுசாக வாங்கிய பழைய கார். மனைவி, குழந்தையோடு மலைக்கு மறுபக்கத்துக் குப்பனூர்ப் பாதையில் ஏறியிருக்கிறான். என் பலகை இந்தப் பாதையில் அல்லவா இருக்கிறது? அதை அவன் பார்க்கவில்லை. உன் பூவைத்தான் பார்த்தான். இறங்கும்போது இந்த வழியாக வந்திருக்கிறான், நியூட்ரலில். நம் சமவெளிக்காரன் எல்லோருக்கும் இருக்கிற புத்திதான். கொஞ்சம் சரிவு கண்டால் கியரைத் தூக்கிவிட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது. நாமக்கல் ரோட்டில் அது ஒன்றும் செய்யாது. மலையில் கியர் இல்லாவிட்டால் வண்டியின் கனம் முழுக்கப் பிரேக்கின் தலையில் இறங்கும். மிதித்து மிதித்துப் பிரேக் தீய்ந்து, பாதி மலையில் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்படித்தான் போயிருக்கிறது. நல்லவேளை, மலைப்பக்கமாகத் திருப்பிப் பாறையில் இடித்து நிறுத்திவிட்டான்.

"இவருகிட்ட எதுக்குங்க சண்ட? ஓட்டுனது நீங்கதான?" என்றாள் மஞ்சுளா. அதுதான் அந்தப் பெண்ணின் பெயர். "பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தா நாம ஊடு வந்து சேர்ந்திருப்பமா? வாங்க போலாம்."

"நீ சும்மா இரு. இவுங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சவங்க சொல்லோணுமா வேண்டாமா?" என்றான் அவன்.

தெரிந்தவன் சொல்ல வேண்டும். சரியாகத்தான் கேட்டான். அவனிடம் நான் என்ன சொல்வது? நான் எழுதினேன், என் மருமகள் வெட்டிவிட்டாள் என்றா? தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். செய்யாத காரியத்துக்குத் தலை குனிந்து எனக்குப் பழக்கம்தான்.

நீ யாருக்காக வெட்டினாய்? சுவாமிநாதனுக்காகவா? அந்த மாவுக்கட்டில் உன் பூப்படத்தை ஒட்டிவிட்டு வா.

தோமினிக்


பெங்களூரு
மே 28

மாமா,

அந்த அக்காவின் கைக்கு நான்தான் காரணம். அவர்கள் எண்ணைச் சென்றாயன் அண்ணன் மூலமாக விசாரித்து வாங்கி, நேற்றுப் பேசினேன். கோகுல்ராஜ் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு இன்று உண்மையான பதில் எழுதுகிறேன். சுவாமிநாதனுக்காக இல்லை. அம்மாவுக்காக.

உங்களுக்குத் தெரியாது. அம்மா தினமும் காலையில் முதல் வேலையாக உங்கள் பக்கத்தைத் திறந்து படிப்பார். ஆறு வருடமாக. நான் எழுந்து வரும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்த வளைவில் பனி, எங்கே கல் என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருப்பார். கடைசி வரி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

என் அப்பா அந்த மலையிலிருந்து இறங்கும்போது செத்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பிரேக்கை அதே வாரம் மாற்றிக் கொடுத்தது நீங்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. பெரியப்பா உங்களைக் கல்லறையில் வைத்துத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அம்மா உங்கள் வீட்டுப் படியேறவில்லை. நான் ஏறினேன். உங்களை நான் விடவில்லை மாமா.

ஆனால் நீங்கள் தினமும் காலையில் எழுந்து என்ன எழுதுகிறீர்கள்? 'பிரேக் மீது தப்பில்லை, ஓட்டியவன் மீதுதான்' என்று. பெயர் போடாமல். பதினெட்டு வருடம் கழித்தும், செத்தவரின் மீது. அம்மா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பதை நீங்கள் ஒரு நாள் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். விளம்பரமெல்லாம் எடுத்துவிட்டேன். பக்கம் உங்களுடையது. அந்த வரியைத் திரும்பப் போட்டால், அம்மா படிப்பார் என்று தெரிந்தே போடுங்கள்.

பிரின்சி


கொண்டப்பநாயக்கன்பட்டி
ஆகஸ்ட் 31

பிரின்சிக்கு,

நான் நலம். உன் அம்மாவும் நீயும் நலமா?

உன் கடிதம் வந்த மறுநாள் காலையே வரியைப் போட்டுவிட்டேன். அதற்கு யோசிக்கவில்லை. உனக்குப் பதில் எழுதத்தான் மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நீ அழும்படியாக ஏதோ ஒன்று இருந்தது. இதிலும் இருக்கும். இனிக் கிழிக்கப் போவதில்லை.

உன் அப்பன் வின்சென்ட் நாமக்கல் முட்டையை வேனில் ஏற்றி, மலைமேல் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வேனின் பிரேக்குக்கு நான் புது லைனிங் போட்டேன். உண்மை. பிரேக் பிடிக்கவில்லை. அதுவும் உண்மை. ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் ஒருத்தனும் கேட்கவில்லை.

பள்ளத்திலிருந்து வேனைத் தூக்கியபோது பக்கத்தில் நின்றவன் நான். கியர் தண்டைத் தொட்டேன். நடுவில், எதிலும் மாட்டாமல் ஆடியது. விழுந்த வேகத்தில் கழன்றிருக்கலாம் என்பாய். சரி. சக்கரத்தைக் கழற்றினேன். நான்கு நாளைக்கு முன்னால் என் கையால் போட்ட லைனிங் கரிக்கட்டையாகியிருந்தது. பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்தது. கெட்ட வேலை அப்படித் தீயாது. மலை நெடுக மிதித்துக்கொண்டே வந்தால்தான் அப்படித் தீயும். கியரில் வந்தவனுக்கு அப்படி மிதிக்க வேண்டியிருக்காது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பெரியப்பன் என் சட்டையைப் பிடித்து, "உன் வேலைதான்டா என் தம்பியைக் கொன்னுச்சு" என்றபோது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உன் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பெட்டிக்குள் படுத்திருப்பவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு வராத வாய், அப்புறம் எந்த நாளில் வரும்? ஒரு வருஷம் பட்டறைக்கு வண்டி வரவில்லை. பூசைக்குப் போனால் பெஞ்சில் என் பக்கத்தில் ஆள் உட்காரவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது. உன்னிடம் திருப்பித் தர இதை எழுதவில்லை.

ஆனால் கேள். அந்த வரியில் வின்சென்ட் பெயர் இருக்கிறதா? என் பெயர் இருக்கிறதா? நான் யோக்கியன் என்று காட்ட எழுதியிருந்தால் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே எழுதியிருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு காலேஜ் பையன், நண்பனின் காரில், அதே வளைவில் அதே மாதிரி போனான். அவன் வண்டியின் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். அதே நீலம். அந்த வாரம்தான் கணினி வாங்கினேன். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உன் அம்மா வருத்தப்படுவாள். படட்டும். போனைக் கவிழ்த்து வைப்பாள். வைக்கட்டும். வரியை எடுக்க மாட்டேன்.

நீ என்னை நம்ப வேண்டியதில்லை. செத்தவன் உன் அப்பன், நான் மாமன்தான். இந்தக் கடிதத்தை ஜெனிட்டாவிடம் காட்டாதே. முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தோமினிக்


பெங்களூரு
நவம்பர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், உங்களை நான் நம்பவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. கடிதத்தை அம்மாவிடம் காட்டவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் சேலம் வந்தேன். நாங்கள் வந்து போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் கல்லறையில் முன்னமே யாரோ சுண்ணாம்பு அடித்து, புல் செதுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் பெரியப்பா செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லறைக் காவலரிடம் இந்த வருடம்தான் கேட்டேன். "உங்க மாமாதாங்க, பதினெட்டு வருசமா" என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றினார்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முன்னால் நடந்தது. தர்மபுரி தாண்டி, தொப்பூர் இறக்கம் தொடங்கியது. நான்தான் ஓட்டினேன். பாட்டுப் போட்டிருந்தேன். எப்போது செய்தேன் என்றே தெரியவில்லை, கை தன்னால் போய்க் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டது. கார் ஓட்டப் பழகிய நாளிலிருந்து சரிவு கண்டால் அப்படித்தான் செய்கிறேன். எங்கே பழகினேன் என்று யோசித்ததே இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

"கியரப் போடு! கியரப் போடுடி! அப்படியே உங்கப்பன மாதிரி! எத்தன தடவ சொன்னேன் அந்த மனுசங்கிட்ட, எறக்கத்துல கியர எடுக்காத, கியர எடுக்காதன்னு! 'மலையே சும்மா தள்ளிவிடுது, டீசல் எதுக்குடி'ன்னு சிரிப்பாரு. கேட்டாரா? கேட்டாரா அவரு?"

கியரைப் போட்டேன். பாட்டை நிறுத்தினேன். இறக்கம் முடியும் வரை அம்மா என் கையை விடவில்லை. சுங்கச்சாவடி வந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதற்கு மேல் நான் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

திரும்பும் வழியில் உங்கள் பட்டறைப் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வரச் சொல்ற?" என்றார். பெங்களூர் வரும் வரை அழவில்லை. வந்த பிறகு அழுதார்.

நேற்றுக் காலை உங்கள் பக்கத்தைப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். போனைக் கவிழ்த்து வைக்கவில்லை.

மாமா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா கேட்டதாக எழுதச் சொல்லவில்லை, அதனால் பொய்யாக எழுத மாட்டேன். ஆனால் கடிதம் எழுதுகிறேன் என்றதும் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணனுக்குக் காது எப்படி இருக்குன்னு கேளு" என்றார்.

காது எப்படி இருக்கிறது மாமா?

பிரின்சி


கொண்டப்பநாயக்கன்பட்டி
நவம்பர் 12

பிரின்சிக்கும், பக்கத்தில் நிற்கிறவளுக்கும்.

நான் நலம்.

உன் மன்னிப்பு வந்து சேர்ந்தது. உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருப்பாய். வரவில்லை. கோபம்தான் வந்தது. உன் பெரியப்பன்மேல் இருந்ததைவிட, ஊர்மேல் இருந்ததைவிட அதிகமாக. தெரியாதவர்கள் பேசினார்கள், பேசிவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு என் சட்டையை அவன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கோபம் சீக்கிரம் தீரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு வயசாகிவிட்டது. தீராமலேகூடப் போகலாம்.

பெயரை மறுபடி 'மலைப்பாதை இன்று' என்று மாற்றிவிட்டேன். எழுத்து இப்போது போனில் பெரிசாகத் தெரிகிறது. அது ஒன்று நீ செய்ததில் உருப்படியானது. பாறைமேல் நிற்கும் அந்தப் பெண்ணை எடுக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. எதை அழுத்தினாலும் இன்னும் பெரிசாகிறாள். அதற்கு நீ வர வேண்டும். கோகுல்ராஜ் போன வாரம் காரைப் பிரேக் பார்க்கக் கொண்டுவந்தான். மஞ்சுளாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. சுவாமிநாதன் லாட்ஜில் இன்னும் தண்ணி வரவில்லையாம்.

காது எப்படி என்று கேட்டிருக்கிறாள். மோசம். வலது பக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. கடிதத்தில் எழுதினால் படிப்பேன், ஆனால் அவள் சொல்ல வேண்டியது கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. நேரில் வந்து, கிட்டே உட்கார்ந்து, கத்தித்தான் சொல்ல வேண்டும். ஊரே கேட்கும். கேட்கட்டும். அன்றைக்கும் ஊர் கேட்டுக்கொண்டுதானே இருந்தது?

கிறிஸ்துமஸுக்கு அழைத்து வா. முகம் கொடுத்துப் பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. சோறு போடுவேன். என் வீட்டில் நாலு படி இருக்கிறது. முழங்காலுக்குச் சிரமம் என்று போன வாரம் பக்கத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி அடித்து வைத்திருக்கிறேன்.

தொப்பூரில் கியரில் இறங்கி வாருங்கள்.

தோமினிக்